ஒரே கணினியில் பல பயனர்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கே.வி.குப்பத்துக்கு அருகில் நான் பார்த்துக்கொள்ளும் படிப்பகத்தில் உருப்படியான கணினி ஒன்றுதான் உண்டு. நான்கு கோர் செயலியும் 16 ஜிபி நினைவகமும் கொண்ட அதில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. சுவரோரம் இருக்கும் ஆறு பழைய கணினிகள் வெறும் திரையாகவும் விசைப்பலகையாகவும் மட்டுமே பயன்படுகின்றன. அவற்றின் முன் அமர்பவர்கள் எக்ஸ்ஆர்டிபி என்னும் தொலைத்திரைச் சேவை வழியாக அந்த ஒற்றைக் கணினிக்குள்ளேயே நுழைகிறார்கள். குடியாத்தம், லத்தேரி, காட்பாடிப் பக்கங்களிலிருந்து வரும் 34 பேருக்கு அதில் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள், கல்லூரிக்குச் செயல்திட்ட அறிக்கை எழுதுபவர்கள், மாலையில் வரும் பள்ளிப் பிள்ளைகள் என ஒரே நேரத்தில் ஏழு பேர் வரை உள்ளே இருப்பார்கள். இப்படியொரு ஏற்பாட்டைப் பராமரிப்பவர்களுக்காக, பயனர் நம்மிடம் வந்து சொல்லும் சொற்களையே தலைப்பாக வைத்து, ஒவ்வொரு கோளாறையும் எப்படி அணுகுவது என்று எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

புகார் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தானா?" என்பது. ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் அவருடைய முகப்புக் கோப்புறையிலோ, கணக்கிலோ, அனுமதிகளிலோ இருக்கும். எல்லோருக்கும் என்றால் செயலி நேரம், நினைவகம், வட்டு, கடிகாரம் ஆகிய பொதுச் சொத்துகளில் ஒன்று தீர்ந்துவிட்டது அல்லது கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். பகிர்ந்த கணினியில் துன்பப்படுபவர் ஒருவர், துன்பத்துக்குக் காரணமான செயல் வேறொருவருடையது என்பது அடிக்கடி நிகழ்வதால், புகார் சொன்னவருடைய திரையை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

பவர் பொத்தானை அழுத்தவே கூடாது என்பது அடுத்தது. தனிக் கணினியில் மறுதொடக்கம் எளிய மருந்தாக இருக்கலாம். இங்கே அது சேமிக்கப்படாத ஆறு பேரின் உழைப்பை அழிப்பதோடு, கோளாறின் தடயத்தையும் துடைத்துவிடும். எந்தச் செயல்முறை (அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) நினைவகத்தை விழுங்கியது, எந்தக் கோப்பு திறந்தே கிடந்தது என்பதெல்லாம் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும். திரை உறைந்துவிட்டால்கூட, அந்த ஒற்றைக் கணினியின் விசைப்பலகையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தினால் எழுத்துத் திரை ஒன்று கிடைக்கும். அங்கே நிர்வாகியாக நுழைந்து, மற்றவர் வேலைக்கு இடையூறு இல்லாமல் பார்க்கலாம்.

"எல்லாமே மெதுவாக இருக்கிறது, அண்ணா"

அதிகம் வரும் புகார் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எழுத்துத் திரையில் டபிள்யூ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளையைக் கொடுத்தால், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதும், மேல் வரியின் கடைசியில் சுமைச் சராசரி எனப்படும் மூன்று எண்களும் தெரியும். அவை முறையே கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. அவற்றை உங்கள் கணினியின் கோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்: நான்கு கோர் உள்ள கணினியில் 4 என்பது முழு வேலை, 9 என்பது வரிசையில் காத்திருக்கும் நிலை. முதல் எண் பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால் சிக்கல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. முதல் எண் சிறிதாகவும் மூன்றாவது பெரிதாகவும் இருந்தால் அது தானாகவே தணிந்துகொண்டிருக்கிறது, நீங்கள் எதையும் செய்யாமல் இரண்டு நிமிடம் பொறுத்திருப்பதே நல்லது.

அடுத்து, ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் டாப் கட்டளையைத் திறக்க வேண்டும். அது ஒரு கோரின் முழு வேலையை நூறு விழுக்காடாகக் கணக்கிடும். ஒரே பயனரின் செயல்முறை ஒன்று நூறு விழுக்காட்டுக்கு மேல் செயலியை எடுத்துக்கொண்டிருந்தால் காரணம் வெளிப்படை. அதை உடனே கொல்ல வேண்டியதில்லை. காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, பெரிய கோப்பைச் சுருக்குவது போன்ற நியாயமான வேலையாக அது இருக்கக்கூடும். ரீநைஸ் கட்டளையால் அதன் முன்னுரிமையைக் குறைத்தால் வேலையும் நடக்கும், மற்றவர்களுக்கும் வழி கிடைக்கும். நைஸ் மதிப்பு மைனஸ் 20 முதல் 19 வரை செல்லும். எண் கூடக் கூட அந்தச் செயல்முறை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும். 10 கொடுத்தால் எங்கள் படிப்பகத்தில் பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கிறது.

சுமைச் சராசரி உயர்ந்திருந்தும் செயலி சும்மா இருப்பதாக டாப் காட்டினால் பலர் குழம்பிப்போகிறார்கள். லினக்ஸ் இந்தச் சராசரியில் செயலிக்குக் காத்திருப்பவற்றை மட்டுமல்லாமல், வட்டிலிருந்து பதில் வருவதற்காக இடையில் நிறுத்த முடியாத உறக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. நிலைப் பத்தியில் டி என்ற எழுத்தோடு நிற்கும் செயல்முறைகள் அவை. அப்போது சிக்கல் வட்டில் இருக்கிறது: யாரோ பென்டிரைவிலிருந்து பெரிய கோப்புகளை நகலெடுக்கிறார்கள், அல்லது வட்டு பழுதாகத் தொடங்கியிருக்கிறது, அல்லது நினைவகம் நிரம்பி, அதற்கு மாற்றாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதிக்கு ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஃப்ரீ கட்டளை இந்தக் கடைசி ஐயத்தை உடனே தீர்க்கும். அதில் காலியாக உள்ளது என்ற பத்தியைப் பார்த்து அஞ்ச வேண்டாம்; கிடைக்கக்கூடியது என்ற பத்தியே உண்மை நிலையைச் சொல்லும், ஏனென்றால் சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் தற்காலிக நகலுக்குப் பயன்படுத்திக்கொண்டு, தேவைப்படும்போது விட்டுவிடுகிறது.

நினைவகம் உண்மையிலேயே தீர்ந்திருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது வீட்டுக்குப் போய்விட்டவர்களை. தொலைத்திரைச் சாளரத்தை மூடினால் இணைப்புதான் அறுகிறது, அமர்வு முடிவதில்லை; காலையில் வந்த ஒருவர் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டு சாளரத்தை மூடிச் சென்றால், மாலை வரை அவை நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் 'பயனரை மாற்று' என்பதை அழுத்தும்போதும் இதேதான் நிகழ்கிறது. எக்ஸ்பி பதிப்போடு 2001இல் வந்த அந்த வசதி முந்தைய பயனரின் நிரல்களை ஓட விட்டபடியே அடுத்தவருக்கு இடம் கொடுக்கிறது. லாகின்சிடிஎல் கட்டளை எல்லா அமர்வுகளையும் பட்டியலிடும். ஆள் இல்லாத அமர்வை முடிப்பதற்கு முன் அதன் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சேமிக்காதது ஏதும் உண்டா என்று கேட்பதை நான் கடமையாகவே வைத்திருக்கிறேன்.

நிலையான தீர்வு இரண்டு உண்டு. எக்ஸ்ஆர்டிபியில் அமர்வுகளைக் கவனிக்கும் செஸ்மேன் பகுதியின் அமைப்புக் கோப்பில், துண்டிக்கப்பட்ட அமர்வைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் முடிக்கும் தெரிவு இருக்கிறது. நாங்கள் அதற்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறோம். மற்றொன்று, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக ஒவ்வொரு பயனரின் நினைவகத்துக்கும் வரம்பு விதிப்பது. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே பொருந்தும் ஸ்லைஸ் (வளப் பங்கு) அமைப்பில் மெமரிஹை மதிப்பை 2 ஜிபி என்று வைத்தால், ஒருவர் அதைத் தாண்டும்போது அவருடைய நிரல்கள் மட்டும் மெதுவாகும், மற்றவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஏழு பேருக்கு 14 ஜிபி, மீதி இயங்குதளத்துக்கு என்ற கணக்கில் இந்த எண்ணைத் தேர்ந்தோம். பயனர்களுக்கு அறிவுரை சொல்லி அலுத்துப்போவதைவிட இந்த வரம்பே எங்கள் இடத்தில் பெரிய அமைதியைக் கொண்டுவந்தது.

செயலி, நினைவகம், வட்டு எல்லாம் சீராக இருந்தும், காலையில் விரைவாக ஓடிய கணினி பிற்பகலில் மட்டும் தளர்ந்தால் வெப்பத்தைப் பாருங்கள். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், ஓட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் கணினி தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சென்சார்ஸ் கட்டளை வெப்பநிலையைக் காட்டும். பெட்டியைத் திறந்து விசிறியில் படிந்த தூசியைத் தூரிகையால் நீக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததில் எங்களுக்கு அந்தக் கோடை முழுவதும் தீர்வு கிடைத்தது.

"எழுதிக்கொண்டே இருந்தேன், நிரல் தானாக மூடிவிட்டது"

பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் நிரல் மறைந்தால், நிரலில் குறை தேடுவதற்கு முன், இயங்குதளத்தின் உட்கருவான கர்னலின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். நினைவகம் அறவே தீர்ந்துபோனால், கணினி முழுவதும் நின்றுபோகாதிருக்க கர்னல் ஏதேனும் ஒரு செயல்முறையைத் தேர்ந்து கொல்கிறது. முக்கியமாக, எது அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்பதைக் கொண்டே தேர்வு நடப்பதால், சிறு சிறு செயல்முறைகளாக நினைவகத்தை நிரப்பியவர் தப்பிக்க, ஒரே பெரிய ஆவணத்தைத் திறந்து வைத்திருந்தவர் பலியாக நேரலாம். டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியும் கொல்லப்பட்ட செயல்முறையின் பெயரும் இருக்கும். அதற்கு முந்தைய வரிகளில், அந்த நேரத்தில் ஓடிய அனைத்துச் செயல்முறைகளின் பட்டியலும் பயனர் எண்ணோடு இருக்கும். யாருடைய பங்கு எவ்வளவு என்பதை அங்கேதான் கூட்டிப் பார்க்க வேண்டும். தீர்வு மேலே சொன்ன வரம்புதான்.

"கடவுச்சொல் சரிதான், ஆனால் மறுபடியும் நுழைவுத் திரையே வருகிறது"

கடவுச்சொல் தவறென்றால் தவறு என்று சொல்லும். ஒரு கணம் கறுத்து மீண்டும் நுழைவுத் திரை வந்தால் கடவுச்சொல் ஏற்கப்பட்டு, அமர்வைத் தொடங்க முடியாமல் போயிருக்கிறது என்று பொருள். எழுத்துத் திரைக்குப் போய் அதே பெயரில் நுழையச் சொல்லுங்கள்; அங்கே நுழைய முடிந்தால் கணக்கு நலமாக இருக்கிறது, கோளாறு முகப்புக் கோப்புறையில் இருக்கிறது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது இடம். பயனருக்கு வட்டில் அளந்து கொடுத்த ஒதுக்கீடு நிரம்பியிருந்தால், அமர்வு தொடங்கும்போது எழுத வேண்டிய சிறு கோப்பைக்கூட எழுத முடியாது. கோட்டா கட்டளை அதைச் சொல்லிவிடும். பெரும்பாலும் பதிவிறக்கக் கோப்புறையில் இரண்டு திரைப்படங்கள் இருக்கும். இடம் இருந்தும் நுழைய முடியவில்லை என்றால், வரைகலைத் திரையைப் பயன்படுத்தும் அனுமதிச் சீட்டான, புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி என்ற மறைகோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். நிர்வாகி யாரேனும் அந்தப் பயனரின் அமர்விலேயே உட்கார்ந்து, நிர்வாகி உரிமையோடு இயக்கும் சூடோ கட்டளையைக் கொடுத்து வரைகலை நிரலைத் திறந்திருந்தால், அந்தக் கோப்பு ரூட் என்னும் தலைமை நிர்வாகிக் கணக்கின் பெயருக்கு மாறியிருக்கக்கூடும்; பிறகு அதன் உண்மையான உரிமையாளரால் அதைத் தொட முடியாது. சௌன் (chown) கட்டளையால் உரிமையைத் திருப்பிக் கொடுத்தால் கதவு திறக்கும். நல்ல எண்ணத்தில் உதவப் போய் நானே ஒருமுறை ஒரு மாணவியின் கணக்கை இப்படி இரண்டு நாள் பூட்டி வைத்திருந்தேன். அன்று முதல் பிறர் அமர்வில் சூடோ கொடுப்பதில்லை.

"நுழைந்ததும் கறுப்புத் திரைதான்"

அவர் வேறொரு இருக்கையிலும் அதே பெயரில் உள்ளே இருக்கிறாரா என்று பாருங்கள். முதன்மைக் கணினியின் திரையில் ஒரு வரைகலை அமர்வு ஓடும்போது, அதே பயனர் தொலைத்திரை வழியாக இன்னொன்றைத் தொடங்கினால், இரண்டும் ஒரே பின்னணிச் சேவைகளுக்குப் போட்டியிட்டு இரண்டாவது இயங்க முடியாமல் போய்விடும். பழைய அமர்விலிருந்து வெளியேறினால் போதும்.

"அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது"

இந்தச் செய்தி வந்ததும், அந்தக் கோப்புக்கு 777 என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது நம் பக்கத்தில் மிகவும் பரவிய பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க. மூன்றும் சேர்ந்த 7, உரிமையாளருக்கும் குழுவுக்கும் ஊரார் எல்லோருக்கும் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பை மாற்றலாம், யார் மாற்றினார்கள் என்று பின்னால் கேட்கவும் முடியாது. பகிர்ந்த கணினியில் ஒருவருடைய குறிப்பேடு அவருடையதாக இருப்பதே மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முறையாகச் செய்வதற்கு, முதலில் அந்தக் கோப்பிலிருந்து வேர் வரை உள்ள ஒவ்வொரு கோப்புறையையும் பார்க்க வேண்டும். கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் இடையில் ஒரு கோப்புறைக்கு இயக்க அனுமதி இல்லையென்றால் உள்ளே போக முடியாது. தெருக்கதவு பூட்டியிருக்கும்போது அறைக்கதவு திறந்திருந்து பயனில்லை. நேம்ஐ கட்டளையை எல் தெரிவோடு கொடுத்தால் வழி முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். அடுத்து, ஐடி கட்டளையால் பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று பாருங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: குழு உறுப்பினர் பட்டியல் நுழையும் நேரத்தில் மட்டுமே படிக்கப்படுகிறது. காலையில் நுழைந்தவரை நண்பகலில் குழுவில் சேர்த்தால், அவர் வெளியேறி மீண்டும் நுழையும் வரை மறுப்பே வரும். இதை அறியாமல் அனுமதிகளை மேலும் மேலும் தளர்த்திக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நால்வர் சேர்ந்து எழுதும் அறிக்கைக்கு ஒரு பொதுக் கோப்புறை வேண்டுமென்றால், அவர்களுக்கென்று ஒரு குழுவை உருவாக்கி, கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, 2770 அனுமதி கொடுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு கோப்பையும் எழுதியவரின் சொந்தக் குழுவுக்குப் போகவிடாமல் இந்தக் குழுவுக்கே சேர்க்கும். அத்துடன், புதிய கோப்புகளிலிருந்து எந்த அனுமதிகளை நீக்குவது என்று சொல்லும் யுமாஸ்க் மதிப்பு 022ஆக இருந்தால் 002ஆக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒருவர் உருவாக்கியதை மற்றவர் படிக்கலாம், திருத்த முடியாது. "நான் திறக்கிறேன், சேமிக்கத்தான் முடியவில்லை" என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இந்த 022தான்.

"ஆவணத்தை வேறொருவர் பூட்டியிருக்கிறார்", "என் கோப்பில் அவர் எழுதியது இருக்கிறது"

லிப்ரே ஆஃபிஸ் ஆவணம் திறக்கப்படும்போது அதன் அருகில் ஒரு மறைகோப்பை உருவாக்கித் திறந்தவர் பெயரை எழுதி வைக்கிறது. மின்சாரம் போய் நிரல் முறையாக மூடப்படாவிட்டால் அந்தப் பூட்டு அங்கேயே கிடக்கும். பெயருக்குரியவர் இப்போது உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதை நீக்க வேண்டும். உள்ளே இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

ஒருவர் எழுதியது இன்னொருவருடையதில் கலந்துவிட்டால், இருவரும் ஒரே கணக்கைப் பகிர்கிறார்களா என்றும், ஏதேனும் நிரல் தற்காலிகக் கோப்புக்கு எல்லோருக்கும் ஒரே பெயரைச் சூட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இது பல பயனர் முறையோடு உடன்பிறந்த பிழை. எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் 1961இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிவகுத்த முன்னோடி அமைப்பு. கணினிக் கணக்குக்குக் கடவுச்சொல் என்ற வழக்கமும் அதிலிருந்தே பரவியது. அதன் திருத்தி நிரல், ஒரு கோப்புறையில் ஒருவரே வேலை செய்வார் என்று எண்ணித் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. 1960களின் நடுவில் ஒரு நாள், ஒரே கோப்புறையைப் பகிர்ந்த நிர்வாகிகளில் ஒருவர் அன்றைய அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே வேளையில் திருத்த, இரண்டும் இடம் மாறி, நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக வெளிவந்தன. நிர்வாகிகள் இருவர் ஒரே கணக்கில் நுழையக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இந்த நிகழ்வைப் படித்ததிலிருந்துதான். எல்லோருடைய தற்காலிகக் கோப்புகளும் சேரும் டெம்ப் கோப்புறையின் அனுமதி 1777ஆக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். முன்னால் உள்ள 1, ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் நீக்க முடியாமல் தடுக்கிறது.

"இடம் இல்லை என்கிறது, ஆனால் நான் எதுவும் சேமிக்கவில்லை"

டிஎஃப் கட்டளையில் வட்டு நிரம்பியதாகத் தெரிந்தால் டியூ கட்டளையால் பெரியவற்றைத் தேடலாம். இரண்டின் கூட்டுத்தொகையும் பொருந்தாவிட்டால், நீக்கப்பட்ட பெரிய கோப்பு ஒன்றை ஏதோ ஒரு செயல்முறை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் செயல்முறை முடியும் வரை இடம் திரும்ப வராது. திறந்துள்ள கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். இடம் மிச்சம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் கட்டளையை ஐ தெரிவோடு கொடுங்கள்; கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக வட்டு ஒதுக்கும் ஐநோடு எண்கள் இலட்சக்கணக்கான சிறு கோப்புகளால் தீர்ந்திருக்கும். இன்னொன்று: ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறையில் அமைந்த வட்டில் வழக்கமாக 5 விழுக்காடு ரூட்டுக்கென ஒதுக்கப்படுவதால், பயனர்களுக்கு எழுத முடியாதபோதும் நிர்வாகிக்கு எழுத முடியும். "எனக்குச் சரியாகத்தானே இருக்கிறது" என்று பயனரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

"எல்லா இணையதளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறது"

மின்வெட்டுக்குப் பின் எல்லோருக்கும் ஒருசேர இது வந்தால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையின் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் கணினி பழைய ஆண்டு ஒன்றில் விழித்திருக்கும். இணையதளங்கள் தங்களை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்கள் அனைத்தும் செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்காதவையாகத் தெரியும். பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்தால் முடிந்தது.

"உரிமையாளர் பெயருக்குப் பதில் ஓர் எண் தெரிகிறது", "இவை என் கோப்புகள் இல்லையே"

லினக்ஸுக்குப் பெயர் ஒரு வசதி மட்டுமே; அது கோப்பின் மேல் எழுதுவது எண்ணை. டெபியனில் பயனர்களின் எண்கள் 1000இலிருந்து தொடங்குகின்றன. படிப்பை முடித்துப் போனவரின் கணக்கை நீக்கினால், பொதுக் கோப்புறைகளில் அவர் விட்டுச்சென்ற கோப்புகள் அந்த எண்ணோடு அநாதையாக நிற்கும். அதைவிட மோசம், அதே எண் புதிதாகச் சேர்பவருக்குக் கிடைத்துவிடுவது: அவர் நுழைந்த முதல் நாளே முன்பின் அறியாத ஒருவருடைய குறிப்புகளுக்கு முழு உரிமையாளர் ஆகிவிடுகிறார். ஃபைண்ட் கட்டளையின் நோயூசர் தெரிவு அநாதைக் கோப்புகளைத் தேடித் தரும். அது ஒதுக்கப்படாத எண்களையே காட்டும் என்பதால், புதிய கணக்கைத் திறப்பதற்கு முன்பே அதை ஓட்டிவிட வேண்டும்.

இதனால்தான் எங்கள் இடத்தில் கணக்கை நீக்குவதில்லை, பூட்டி வைக்கிறோம். யூசர்மாட் கட்டளையால் கடவுச்சொல்லைப் பூட்டுவது மட்டும் போதாது. கடவுச்சொல் இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் அதன் பிறகும் நுழைய முடியும். ஆகவே கணக்கின் முடிவுத் தேதியையும் கடந்த நாளாக வைக்க வேண்டும். முகப்புக் கோப்புறையை ஒரே கோப்பாகச் சுருக்கி, ஒரு பிரதியைப் பென்டிரைவில் அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை நிர்வாகி மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் ஓராண்டு வைத்திருக்கிறோம். வேலை கிடைத்துப் போன பிள்ளைகள் பழைய குறிப்புகளைக் கேட்டு வந்தபோது இருமுறை அது கைகொடுத்திருக்கிறது.